வெள்ளவத்தையில் ஒரு பௌதிகவியல் வகுப்பு: அல்பாத் தேய்வின் சக்திக் கணக்குக்காகவே அனுப்பலாம்

உயர்தரத்தில் பௌதிகவியல் எடுக்கும் பிள்ளைக்குக் கொழும்பில் தமிழ் மொழிமூல வகுப்புத் தேடுகிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் வீட்டின் முன்மண்டபத்தில் நடத்தும் சின்ன வகுப்பு இது. பெயர்ப்பலகை இல்லை, துண்டுப்பிரசுரமும் இல்லை. பிள்ளைகள் மிஸ் என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பாடத்திட்டத்தின் பதினொரு அலகுகளில் அவர் எடுப்பது கடைசி அலகை மட்டுந்தான்: சடமும் கதிர்ப்பும். அந்த அலகுக்குள்ளும் என்னை இதை எழுத வைத்தது ஒரு விஷயம், அல்பாத் தேய்வில், அதாவது பாரமான அணுக்கரு ஒன்று அல்பாத் துணிக்கை என்ற சின்னத் துண்டை வெளியே எறியும்போது, வெளிவரும் சக்தியைக் கணிக்க அவர் சொல்லிக்கொடுக்கும் விதம்.

கடைசி அலகுக்கு என்ன நடக்கும் என்பது பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பொறியியலிலும் மின்னியலிலும் மாதக்கணக்கு ஓடும். கடைசி அலகுக்கு வரும்போது முன்னோடிப் பரீட்சை வாசலில் நிற்கும். அப்புறம் ஒரு பின்னேரத்துக்குள் சூத்திரத்தை எழுதிப் போட்டு, இரண்டு கடந்தகால வினாவைச் செய்து காட்டி முடித்துவிடுவார்கள். மகள் முன்பு போன வகுப்பிலும் அதுதான் நடந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருக்கிற மண்டபம், தூரத்தில் ஒரு திரை, ஒலிவாங்கியில் ஒரு குரல். "திணிவு வித்தியாசத்தை 931 ஆல் பெருக்கு, விடை வரும்" என்ற ஒரு வரிதான் அவளுடைய கொப்பியில் இருந்தது. எந்தத் திணிவு, ஏன் 931, வந்த சக்தி யாருக்குப் போகிறது என்று எதுவும் இல்லை.

நான் புறக்கோட்டையில் ஓர் இறக்குமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு, பௌதிகவியல் படித்ததில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து மகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடப் போனேன். மிஸ் பெற்றோரைப் பின்வாங்கில் இருக்க விடுகிறார். "வெளியில வெயிலுக்கை நிக்காதேங்கோ, உள்ளுக்கை வந்து இருங்கோ" என்றார். அப்படி இருந்து கேட்டதில் எனக்கே கணக்கு விளங்கியது. வகுப்பைப் பற்றி நான் சொல்லக்கூடிய முதல் சான்று அதுதான்.

மிஸ் சூத்திரத்தில் தொடங்குவதில்லை. வெண்பலகையில் மூன்று எண்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுகிறார். யுரேனியம்-238 அணுவின் திணிவு 238.050788. அது ஓர் அல்பாத் துணிக்கையை வெளிவிட்டால் மிஞ்சும் தோரியம்-234 அணுவின் திணிவு 234.043601. அல்பாத் துணிக்கை என்பது ஈலியம்-4 இன் கரு, அந்த ஈலியம்-4 அணுவின் திணிவு 4.002603. எல்லாம் அணுத்திணிவு அலகில். "பின்னிரண்டையும் கூட்டுங்கோ, முதலாவதிலை இருந்து கழியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்கிறார். கூட்டினால் 238.046204. கழித்தால் 0.004584. தேய்வுக்கு முன் இருந்த திணிவில் இவ்வளவு பிறகு இல்லை. அது சக்தியாக வெளியே போயிருக்கிறது. அல்பாத் தேய்வின் சக்திக் கணக்கு முழுவதும் இந்தக் கழித்தலுக்குள்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் அலகு மாற்றுவது என்று அவர் சொன்னபோது வகுப்பில் பாதிப் பேருக்கு முகம் தெளிந்தது.

அடுத்தது தசமதானம். மிஸ் பிடிவாதமாக நிற்கும் இடம் இது. ஒரு பையன் நேரம் மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் மூன்று தசமதானத்துக்கு மட்டந்தட்டினான்: 238.051, 234.044, 4.003. கழித்தால் 0.004. மிஸ் அவனைத் தடுக்கவில்லை, கடைசிவரை செய்யவிட்டார். வித்தியாசத்தை 931.5 ஆல் பெருக்கிச் சக்தியாக்கியபோது அவனுக்கு 3.7 மில்லியன் இலத்திரன்வோல்ற்று (அணு அளவில் சக்தியை அளக்கும் அலகு) வந்தது, மற்றவர்களுக்கு 4.27. "தம்பி, பத்துத் தொன் லொறி ஒண்டை எடை மேடையிலை ஏத்தி நிறுத்து, அதுக்குள்ளை இருந்த இருநூறு கிராம் மிளகாய்த்தூளை இறக்கிப்போட்டுத் திருப்பி நிறுக்கிறாய். மேடை கிலோவுக்கு மட்டந்தட்டினால் மிளகாய்த்தூள் எங்கை?" என்று கேட்டார். இரவு வீட்டில் கணித்துப் பார்த்தேன். 0.004584 என்பது 238 இல் ஏறத்தாழ 52,000 இல் ஒரு பங்கு. பத்துத் தொன்னில் அது 193 கிராம். உவமையைக்கூட எண்ணிக் கணித்துத்தான் சொல்லியிருக்கிறார். கணக்குப் பிரிவில் இருக்கும் எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது அந்த இரவில்தான். இரண்டு பெரிய தொகைகளைக் கழித்து ஒரு சின்ன வித்தியாசத்தை எடுக்கும்போது, பெரிய தொகைகளில் விட்ட சில்லறை முழுவதும் வித்தியாசத்தின் தலையில் விழும். ஐந்தொகை சரிபார்க்கிற எவருக்கும் இது தெரியும். 0.001 அலகு கிட்டத்தட்ட ஒரு மில்லியன் இலத்திரன்வோல்ற்று. மட்டந்தட்ட அங்கே இடமே இல்லை.

பிறகு இலத்திரன்கள். வேறு வகுப்புகளிலிருந்து வந்த பிள்ளைகள் அதிகம் குழம்பியதும், மிஸ் அதிக நேரம் செலவிட்டதும் இதில்தான். அட்டவணையில் இருப்பது அணுவின் திணிவு. அதில் இலத்திரன்களும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் தேய்வது கரு. அப்படியென்றால் இலத்திரன்களைக் கழிக்க வேண்டாமா? யுரேனியத்தில் 92 இலத்திரன்கள், தோரியத்தில் 90, ஈலியத்தில் 2. இடப்பக்கம் 92, வலப்பக்கமும் 92. மூன்றுக்கும் அணுத்திணிவையே எடுத்தால் அவை தாமாக வெட்டுப்பட்டுப் போகும். பிழை எங்கே வருகிறதென்றால், யுரேனியத்துக்கும் தோரியத்துக்கும் அணுத்திணிவை எடுத்துவிட்டு, அல்பாத் துணிக்கை என்றால் வெறும் கருதானே என்று 4.001506 ஐப் போடும்போது. அப்போது வித்தியாசம் 0.005681 ஆகி விடை 5.29 என்று வரும். சரியான விடையைவிட 1.02 கூட. அந்த 1.02 தான் கணக்கில் தவறவிட்ட இரண்டு இலத்திரன்களின் திணிவு, ஒன்றுக்கு 0.511 வீதம். பிழையான விடைக்கும் சரியான விடைக்கும் இடையில் உள்ள தூரத்தைக் காட்டி, அந்தத் தூரம் எதனால் ஆனது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்க வைத்தார். மகள் அந்தப் பக்கத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

இனிப் பெருக்கல். பௌதிகவியல் வினாத்தாளுக்குக் கணிப்பான் கொண்டுபோக முடியாது. ஆகவே இந்த வகுப்பிலும் கணிப்பான் இல்லை. ஓர் அணுத்திணிவு அலகு முழுவதும் சக்தியானால் 931.5 மில்லியன் இலத்திரன்வோல்ற்று, வகுப்புப் பேச்சில் எம்.ஈ.வி. அந்த எண்ணை முதலில் ஒருமுறை கட்டிக் காட்டுகிறார். 1.6605 × 10⁻²⁷ கிலோகிராமை ஒளியின் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 1.492 × 10⁻¹⁰ யூல், அதை ஓர் எம்.ஈ.வி. க்குரிய யூல் அளவான 1.602 × 10⁻¹³ ஆல் பிரித்தால் 931.5. அதற்குப் பிறகு அவருடைய சுருக்கு வழி. 931.5 என்பது ஆயிரத்தில் 68.5 குறைவு. எனவே 0.004584 ஐ 4.584 என்று எழுது, அதில் நூற்றுக்கு 6.85 ஐக் கழி. நூற்றுக்கு ஏழு என்றால் 0.321, கொஞ்சம் குறைத்தால் 0.314. 4.584 இலிருந்து 0.314 போக 4.270. யுரேனியம்-238 இன் அல்பாத் தேய்வில் வெளிவரும் சக்தி 4.27 எம்.ஈ.வி. மடக்கை அட்டவணையைத் திறக்கவே இல்லை. நாங்கள் வற் வரியை மனதில் கழிப்பதும் கிட்டத்தட்ட இதே வேலைதான், ஆனால் கருப்பௌதிகவியலில் இது உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

விடை வந்ததும் வகுப்பு முடிவதில்லை. "இந்த 4.27 ஐ ஆர் கொண்டு போறது?" என்று கேட்கிறார். கரு முதலில் அசையாமல் இருந்தது, உந்தம் பூச்சியம். அல்பா ஒரு பக்கம் பாய்ந்தால் தோரியம் மற்றப் பக்கம் தள்ளுப்பட வேண்டும், இரண்டின் உந்தமும் சமன். உந்தம் சமனானால் பாரம் குறைந்ததற்கே இயக்கச்சக்தி கூட. பங்கு திணிவுக்கு நேர்மாறு. அல்பாவுக்கு 238 இல் 234 பங்கு, அதாவது 4.198 எம்.ஈ.வி. தோரியத்துக்கு 238 இல் 4 பங்கு, 0.072. ஆய்வுகூடத்தில் யுரேனியம்-238 இன் பிரதான அல்பாவை அளந்தால் கிடைப்பதும் 4.198 தான். அட்டவணையிலுள்ள மூன்று திணிவுகளிலிருந்து கையால் கழித்து எடுத்த எண், அளந்த எண்ணோடு மூன்றாம் தசமதானம் வரை பொருந்தி நிற்கிறது. மிஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அடியில் இரட்டைக் கோடு இழுத்தார். அந்த அல்பாவின் வேகம் செக்கனுக்குச் சுமார் 14,000 கிலோமீற்றர். ஆனாலும் காற்றில் சில சென்றிமீற்றருக்குள் நின்றுவிடும்.

இரண்டாம் வகுப்பு ரேடியத்தோடு தொடங்கியது. ரேடியம்-226 இலிருந்து ரேடன்-222. இங்கேதான் எனக்கு ஒரு முறைப்பாடும் இருக்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டும். மிஸ் கொடுக்கும் போட்டோகொப்பித் தாளில் ரேடனின் திணிவு 222.015578 என்று அச்சாகியிருக்கிறது. சரியான எண் 222.017578. மூன்றாம் தசமதானத்தில் 7 இருக்க வேண்டிய இடத்தில் 5. அதை வைத்துச் செய்த பிள்ளைகளுக்கு 6.73 எம்.ஈ.வி. வந்தது. சரியான விடை 4.87. முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, "மிஸ், பாடப்புத்தகத்திலை அல்பா 4.78 எண்டு கிடக்கு" என்று எழும்பிக் கேட்டதால்தான் விஷயம் வெளிவந்தது. மிஸ் உடனே பலகையில் திருத்தினார். ஒரே ஓர் இலக்கத்தால் 1.86 எம்.ஈ.வி. கூடுகிறதென்று அதையே ஒரு பயிற்சியாக்கியும் விட்டார். அதெல்லாம் சரி. ஆனால் அடுத்த தொகுதிப் பிள்ளைகளுக்கும் அதே தாள்தான் போனது. எங்கள் தெருவிலிருந்து போன இன்னொரு பிள்ளையின் தாளைப் பார்த்தேன், அதே 5. காசு வாங்கி நடத்தும் வகுப்பில் இது நடக்கக்கூடாது. ஆறு தசமதானத்துக்காக வாதாடுகிற ஆசிரியையின் தாளில் இது இன்னும் நடக்கக்கூடாது.

திருத்திய எண்ணோடு செய்தால் வித்தியாசம் 0.005229. 5.229 இல் நூற்றுக்கு 6.85 ஆன 0.358 ஐக் கழித்தால் 4.871. அல்பாவின் பங்கு 226 இல் 222, 4.785 வருகிறது. அளந்த பெறுமானம் 4.784. ஆனால் ரேடியம் இன்னொரு அல்பாவையும் கொடுக்கும், அதன் சக்தி 4.60. நூறு தேய்வில் ஆறு மட்டில் அப்படி. மீதிச் சக்தி எங்கே போனது என்ற கேள்விக்கு, ரேடன் கரு அருட்டப்பட்ட நிலையில், அதாவது மிகைச் சக்தியோடு பிறந்து, அந்த மீதியை 0.186 எம்.ஈ.வி. காமாக் கதிராக வெளிவிடுகிறது என்பது விடை. 4.871 இலிருந்து 0.186 ஐக் கழித்து, மிச்சத்தை அதே விகிதத்தில் பங்கிட்டால் 4.60 நேராக வந்து நிற்கிறது. மகள் அதைத் தானே செய்து முடித்தாள். அமெரிசியம்-241 உம் இப்படித்தான் என்று மிஸ் ஒரு பயிற்சி கொடுத்தார். அயனாக்கல் வகைப் புகை உணரிகளுக்குள் இருப்பது இது. மொத்தச் சக்தி 5.638, பிரதான அல்பா 5.486, இடையில் 0.0595 எம்.ஈ.வி. காமா. பரீட்சைக்கு இவ்வளவு தேவையில்லை. ஆனால் காமா ஏன் அல்பாவோடு சேர்ந்து வருகிறது என்று மனனம் பண்ணாமல் விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எம்.ஈ.வி. என்றால் கைக்கு அகப்படாத அளவு என்பதால், ஒரு கிராம் ரேடியத்துக்குக் கணக்குப் போட வைத்தார். ஒரு கிராமில் செக்கனுக்கு 3.7 × 10¹⁰ தேய்வு. ஒவ்வொன்றிலும் 4.871 எம்.ஈ.வி. யூலுக்கு மாற்றிப் பெருக்கினால் 0.029 உவாற்று. பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதி தேய்ந்துபோக எடுக்கும் காலம், 1600 ஆண்டுகள் என்பதால், அது தலைமுறை தலைமுறையாக ஓயாமல் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும். ரேடனும் அதற்குப் பின் வருபவையும் சேர்ந்தால் இன்னும் பல மடங்கு. 1903 இல் பியர் கியூரியும் அல்பேட் லபோடும் இந்தச் சூட்டை அளந்தபோது, இவ்வளவு சக்தி எங்கிருந்து வருகிறதென்று உலகம் திகைத்தது. ஐன்ஸ்டைனின் திணிவு-சக்திச் சமன்பாடு 1905 இல் வந்தது. அதாவது கேள்வி முதலில், விடை பிறகு. இந்த வரிசையில் கேட்கும்போது பாடம் ஒரு கதையாக நிற்கிறது.

இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது தோரியம் பற்றிய பகுதி. கொழும்பு 7 இல் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை வழியாகப் போகாத பிள்ளை குறைவு. சிற்பம், ஓவியம் பற்றி எழுதிய பெரியவர் என்றுதான் நானும் அறிந்திருந்தேன். 1877 இல் கொழும்பில் பிறந்தவர், முத்து குமாரசுவாமியின் மகன். அவர் முதலில் புவிச்சரிதவியலாளர், இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குத் தலைவராக இருந்தவர். பலாங்கொடைப் பக்கத்தில் கிடைத்த கறுப்புக் கனிகளை 1904 இல் அவர் எடுத்து அனுப்ப, லண்டனில் பகுப்பாய்வு செய்து அது புதிய கனிப்பொருள் என்று கண்டார்கள். தோரியம் நிறைந்திருந்ததால் தோரியனைற்று என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே, லண்டனில் இரசாயனவியலாளர் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த இளைஞர் ஒட்டோ ஹான், இலங்கையிலிருந்து போன அந்தக் கனிப்பொருளிலிருந்து ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். இன்று அதைத் தோரியம்-228 என்கிறோம். பிற்காலத்தில் கருப்பிளவுக்காக நொபெல் பரிசு பெற்ற அதே ஹான். பெயர் தெரிந்த வீதி, தெரியாத கதை. பிள்ளைகள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

பிறகு கணக்கு. தோரியம்-232 க்கு 232.038055. அது தேய்ந்து வரும் ரேடியம்-228 க்கு 228.031070. ஈலியம் அதே 4.002603. வித்தியாசம் 0.004382. சுருக்கு வழியில் 4.382 இலிருந்து 0.300 போக 4.082 எம்.ஈ.வி. அல்பாவுக்கு 232 இல் 228 பங்கு, 4.01. ஹானின் தோரியம்-228 ஐச் செய்தால் 5.52. பலாங்கொடைக் கல்லுக்குள் நடக்கிற ஒன்றைப் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை வெள்ளவத்தையில் இருந்து கையால் கணிக்கிறது. பாடத்தில் ஊர் இருந்தால் பிள்ளைகள் எவ்வளவு ஒட்டிக்கொள்கிறார்கள் என்பதை அன்றைக்குக் கண்ணால் கண்டேன். தமிழில் படிப்பிக்கும் மற்ற ஆசிரியர்களும் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

ஏன் அல்பா, ஏன் ஒரு தனிப் புரோத்தன் வெளியே வருவதில்லை என்று மகள் கேட்டாள். மிஸ் பதில் சொல்லாமல், யுரேனியம்-238 இலிருந்து ஒரு புரோத்தன் போனால் மிஞ்சும் புரொத்தக்தினியம்-237 இன் திணிவையும் ஐதரசனின் 1.007825 ஐயும் எழுதிக் கூட்டச் சொன்னார். கூட்டுத்தொகை யுரேனியத்தைவிடக் கூட. சக்தி வெளிவருவதற்குப் பதிலாக ஏழரை எம்.ஈ.வி. க்கு மேல் உள்ளே போட வேண்டும். அல்பா அப்படியில்லை. இரண்டு புரோத்தனும் இரண்டு நியூத்திரனும் சேர்ந்து கட்டுப்படும்போதே 28.3 எம்.ஈ.வி. விடுபடுகிறது, அந்தக் கட்டுத்தான் வெளியேறுவதற்கான செலவைக் கொடுக்கிறது. மறைப் பெறுமானம் வந்தால் அந்தத் தேய்வு தானாக நடக்காது என்பதை ஒரு கழித்தலில் காட்டிவிட்டார்.

அவசரப்படுத்திய பகுதி ஒன்று உண்டு, அது எனக்குக் குறையாகப் பட்டது. முடிகிற நேரத்தில் இரண்டு வரி எழுதினார். தோரியம்-232: 4.08 எம்.ஈ.வி., அரைவாழ்வுக் காலம் 1400 கோடி ஆண்டுகள். அதே தோரியத் தொடரின் கடைசிப் பக்கத்தில் வரும் பொலோனியம்-212: 8.95 எம்.ஈ.வி., அரைவாழ்வுக் காலம் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 0.3 பங்கு. சக்தி இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான் கூடுகிறது. காலமோ 10²⁴ மடங்கு குறைகிறது. இந்தத் தொடர்பைக் கைகர், நட்டால் என்ற இரு பௌதிகவியலாளர்கள் 1911 இல் கண்டதையும், காரணத்தை 1928 இல் காமோவ் என்ற பௌதிகவியலாளர் சொன்னதையும், கருவைச் சுற்றியுள்ள சக்தித் தடையை அல்பா ஏறிக் கடக்காமல் ஊடுருவிப் போகிறது என்பதையும் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். பாடத்திட்டத்துக்கு வெளியே என்பது உண்மைதான். ஆனாலும் அந்த இரண்டு வரிக்கு முன்னால் பிள்ளைகள் எல்லாரும் வாயடைத்து இருந்தார்கள், கேள்வி கேட்க ஆயத்தமாக இருந்தார்கள். அமெரிசியப் பயிற்சியைக் குறைத்து இதற்கு அரை மணித்தியாலம் ஒதுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். மிஸ்ஸிடம் நேரிலும் சொன்னேன், யோசிக்கிறேன் என்றார்.

வசதிகளைப் பற்றி. மண்டபம் சின்னது, இரண்டு மின்விசிறி, பின்னேர வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கடலோரப் பாதையில் ரயில் போகும்போது பேச்சை நிறுத்த வேண்டியிருக்கும். சொன்ன நேரத்துக்கு முடிவதில்லை, அரை மணித்தியாலம் கூடப் பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறை சுத்தம். ஒழுங்கைக்குள் வாகனம் நிறுத்த இடமில்லை. நாங்கள் கோட்டையிலிருந்து ரயிலில் வெள்ளவத்தை நிலையத்தில் இறங்கி நடக்கிறோம், கொட்டாஞ்சேனைப் பக்கத்தவர்களுக்குக் காலி வீதி நெரிசலைவிட அது நிம்மதி. திரும்பும்போது இருட்டிவிடும், ஆனால் ஒழுங்கையில் வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் இருக்கிறது.

கட்டணம் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபா, தாளுக்குத் தனிக்காசு இல்லை. பெரிய மண்டப வகுப்புகளைவிடக் கூடத்தான். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியையும் மிஸ் கையில் எடுத்துப் பார்க்கிறார், கழித்தலில் கடன் வாங்கிய இலக்கம் வரை பார்க்கிறார். காசுக்கு மேலாகவே கிடைக்கிறது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைந்த ஒன்றில் பாதி அந்தத் தாளுக்கு, பாதி அவசரப்படுத்திய ஐந்து நிமிடத்துக்கு.

யாருக்குப் பொருந்தும் என்றால், முதல் பத்து அலகையும் ஓரளவு முடித்த, கடைசி அலகு மட்டும் காற்றில் தொங்குகிற பிள்ளைக்கு. உந்தக் காப்பு தெரியாமல் போனால் சக்தியைப் பங்கிடும் இடத்தில் தடுமாறும், அதை முன்கூட்டியே மீட்டிக்கொண்டு அனுப்புங்கள். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில் எம்.சி.கியூ. விடைகளை வேகமாகக் குறிக்கப் பழக வேண்டுமென்றால் இது சரிவராது, மிஸ் வேகத்துக்குப் படிப்பிப்பவர் இல்லை. ஆங்கில மொழிமூலப் பிள்ளைகளுக்கும் கஷ்டம், கலைச்சொற்கள் எல்லாம் தமிழில்தான்.

சேர்வதென்றால் பாடசாலைத் தவணை தொடங்கும்போதே போய்க் கேளுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். கோடு போடாத கொப்பி ஒன்றும் பென்சிலும் போதும். தாள் கைக்கு வந்தவுடன் ரேடன்-222 வரியைப் பாருங்கள். அதில் 222.015578 என்று இருந்தால் பிள்ளையிடம் சொல்லி 222.017578 என்று திருத்திவிடுங்கள்.